ஸ்ரியரிங் ஆட்டம்: டம்பரை மாற்ற முதல் வாகனத்துக்கு அடியில் பாருங்கள்

கடந்த வருடம் மே 18ஆம் திகதி. முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றிவிட்டு, மத்தியானம் பரந்தன் வீதியால் திரும்பி வந்துகொண்டிருந்தோம். சித்தப்பாவின் பழைய ஜீப். முன்னுக்கு அவரும் நானும். பின்னுக்கு எதிரெதிர் ஆசனங்களில் அம்மா, பெரியம்மா, அயலவர்கள் மூன்று பேர். விசுவமடுவைத் தாண்டிய பிறகு, இடது முன்சில்லு ஒரு மதகோரத்துக் கிடங்கில் இறங்கி ஏறியது. வேகம் அறுபது, அறுபத்தைந்து இருக்கும். அடுத்த கணம் ஸ்ரியரிங் சித்தப்பாவின் கைகளுக்குள் நிற்காமல் இடமும் வலமுமாக அடிக்கத் தொடங்கியது. வாகனத்தின் முன்பக்கம் முழுவதும் குலுங்கியது. கதவுகள் கழன்று விழப்போவது போலச் சத்தம்.

நான் திரும்பிப் பார்த்தபோது பெரியம்மா ஆசனத்தில் இல்லை. இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு கீழே குந்தியிருந்தார்.

சித்தப்பா அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வேகம் முப்பதுக்கு வந்ததும், எதுவுமே நடக்காதது போல ஆட்டம் நின்றுவிட்டது. பெரியம்மா எழும்பி இருக்க இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது.

அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் காசு கொடுத்துத் “திருத்தி” இருந்தோம். ஓர் இடத்தில் வீல் பலன்ஸ் செய்தார்கள். இன்னோர் இடத்தில் புது ஸ்ரியரிங் டம்பர் போட்டார்கள். டம்பர் போட்ட பின் நான்கு மாதம் நன்றாக ஓடியது. அந்த நான்கு மாதத்தை நம்பித்தான் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போனோம்.

வன்னியில் இப்படியான வாகனங்கள் நிறைய ஓடுகின்றன. போருக்குப் பின் இங்கு வேலை செய்த நிறுவனங்கள் போகும்போது கேள்விப்பத்திரம் மூலம் விற்றவை, தெற்கிலிருந்து கைமாறி வந்தவை, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் காசு அனுப்பி வாங்கிக்கொடுத்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வரும் விலையை எங்களைப் போன்றவர்கள் நினைத்தும் பார்க்க முடியாது. ஆகவே இருபது, இருபத்தைந்து வருடப் பழைய ஜீப்புகள் இன்னும் வயலுக்கும் கடற்கரைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை வைத்திருப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பதை இங்கு எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. கிளிநொச்சியில் ஒரு கராஜில் இரண்டு நாள் நின்று கேட்டதையும் பார்த்ததையும், பிறகு படித்துச் சரிபார்த்துக்கொண்டதையும் சொல்கிறேன்.

எல்லா ஆட்டமும் ஒன்றில்லை

முதலில் எந்த ஆட்டம் என்று பிரித்துப் பார்க்கவேண்டும். கராஜுக்குப் போனதும் இதைத் தெளிவாகச் சொன்னாலே பாதிக் காசு மிஞ்சும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும், உதாரணமாக எண்பதில் தொடங்கி தொண்ணூறைத் தாண்டினால் குறைந்துவிடும் மெல்லிய நடுக்கம் என்றால், பெரும்பாலும் அது சில்லுக்கோ ரயருக்கோ உரிய பிரச்சினை. பலன்ஸ் இல்லை, ரிம் வளைந்திருக்கிறது, அல்லது ரயரின் உள்நார் விட்டுப் பொம்மியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. வயலுக்குள் இறங்கி வந்தபின் ரிம்மின் உட்பக்கத்தில் சேறு ஒட்டிக் காய்ந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய ஒரு பிடி சேறு போதும், ஸ்ரியரிங் நடுங்கும். பலன்ஸுக்குக் காசு கொடுக்க முதல் ரிம்மின் உட்பக்கத்தைக் கழுவிப் பாருங்கள்.

பிறேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிறேக் டிஸ்க்கைப் பார்க்கவேண்டும். ஸ்ரியரிங் சும்மா இருக்க, தரையும் ஆசனமும் மட்டும் அதிர்ந்தால் அடியில் ஓடும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டுகளைச் சந்தேகிக்கலாம்.

எங்களுக்கு நடந்தது இவை எதுவும் இல்லை. ஒரு கிடங்கில் விழுந்து எழும்பியதும் திடீரெனப் பிடித்து, வேகம் நன்றாகக் குறையும்வரை விடாமல் அடிக்கும் ஆட்டம். ஆங்கிலம் பேசும் சாரதிகள் இதற்கு ‘டெத் வொபிள்’, மரண ஆட்டம், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நான் வீட்டில் சொல்லவில்லை.

அது பெரும்பாலும் முன்பக்கம் முழு அச்சு உள்ள வாகனங்களில் வருவது. அதாவது இரண்டு முன்சில்லுகளையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கும் அமைப்பு. பழைய லாண்ட் றோவர் டிபெண்டர், ரொயோட்டா லாண்ட் குரூசர் 70 வரிசை, சுசுகி ஜிம்னி, பழைய மஹிந்திரா ஜீப்புகள் எல்லாம் இந்த வகை. பலமான அமைப்பு. சேற்றுக்கும் பள்ளத்துக்கும் இதைப்போல எதுவும் நிற்காது. ஆனால் ஒரு சில்லு ஆடினால் மற்றச் சில்லையும் சேர்த்து ஆட்டிவிடும்.

ஏன் ஆடுகிறது? லுமாலா சைக்கிளில் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓடியிருப்பீர்கள். முன் போர்க் சரிவாக இருப்பதால்தான் சில்லு தானாக நேருக்கு வருகிறது. ஜீப்பின் முன்சில்லுகளும் அப்படியே சரிவு கொடுத்துப் பூட்டப்பட்டவை. மெக்கானிக்குகள் இதைக் காஸ்டர் என்பார்கள். கிடங்கில் அடிபட்டு விலகும் சில்லு நேருக்குத் திரும்பும். எல்லா மூட்டும் இறுக்கமாக இருந்தால் அங்கேயே நிற்கும். எங்காவது லூஸ் இருந்தால் நேரைத் தாண்டி மற்றப் பக்கம் போகும், திரும்ப வரும், மீண்டும் தாண்டும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது போலத்தான். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வீதியே அந்தத் தள்ளலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். வேகம் குறைந்தால்தான் ஊஞ்சல் நிற்கும்.

அதனால் வீதியில் இது பிடித்துவிட்டால் செய்யவேண்டியது ஒன்றுதான். ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் உறுதியாகப் பிடியுங்கள், ஆனால் எதிர்த்துத் திருப்பிச் சண்டை பிடிக்க வேண்டாம். அக்சிலேட்டரை விடுங்கள். பிறேக்கைச் சடாரென்று மிதிக்காமல் மெதுவாக வேகத்தைக் குறைத்து இடது ஓரத்துக்கு எடுங்கள். பெருவிரலை ஸ்ரியரிங்கின் கம்பிக்கு உள்ளே கொழுவி வைத்திருக்காதீர்கள். அடிக்கும் வேகத்தில் விரல் முறியலாம். அன்றைக்குச் சித்தப்பாவின் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டு ஒரு கிழமை வீங்கியிருந்தது.

அடியில் படுத்துப் பார்த்தவர்

கிளிநொச்சியில் அந்தக் கராஜைச் சொல்லித்தந்தது ஒரு லொறிச் சாரதி. தகரக் கொட்டில், கிணறு, வேப்பமரம், அவ்வளவுதான். அண்ணைக்கு அறுபதுக்குக் கிட்ட வயது. நடந்த கதையைச் சொன்னேன். புது டம்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது காய்ச்சலுக்குப் பனடோல் போட்ட மாதிரி பிள்ளை. காய்ச்சல் தெரியாது, வருத்தம் உள்ளுக்க இருக்கும்.”

டம்பர் என்பது ஸ்ரியரிங் தடியோடு பூட்டிய சிறிய ஷொக் அப்சோர்பர். அதன் வேலை அடியின் வேகத்தைத் தணிப்பது. லூஸான மூட்டை அது இறுக்காது. புது டம்பர் போட்டால் ஆட்டம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த லூஸ் அப்படியே இருந்து, டம்பரின் உதவியோடு மறைவாக வளரும். தேய்மானம் கூடி டம்பராலும் பிடிக்க முடியாத நாளில் ஆட்டம் முன்னரைவிட மோசமாகத் திரும்பி வரும். எங்களுக்கு நடந்தது அதேதான்.

அவர் முதலில் டம்பரின் ஒரு முனையைக் கழற்றிவிட்டார். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். கியரை நியூட்ரலில் விட்டு, ஹாண்ட் பிறேக் இழுத்து, என்னை ஏறச் சொன்னார். முன்சில்லுகள் நிலத்திலேயே நின்றன, ஜாக் அடிக்கவில்லை.

“ஸ்ராட் பண்ணிப்போட்டு ஸ்ரியரிங்கைப் பிடியுங்கோ. முழுக்கத் திருப்ப வேண்டாம். இஞ்சால கொஞ்சம், அங்கால கொஞ்சம். நான் நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லுமட்டும் ஆட்டிக்கொண்டிருங்கோ.”

முதல் இரண்டு கராஜிலும் நான் கேட்ட கேள்விகளுக்குச் சித்தப்பாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். இங்கே ஸ்ரியரிங் என் கையில் இருந்தது.

இந்தச் சோதனையை நீங்கள் வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். ஒருவர் மேலே ஆட்ட, மற்றவர் முன்பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கவேண்டும். ஸ்ரியரிங் பொக்ஸிலிருந்து சில்லுவரை அசைவு தடிகள் வழியாகப் போகிறது. ஒரு மூட்டின் ஒரு பக்கம் அசைந்து, மற்றப் பக்கம் தாமதித்து அசைந்தால் லூஸ் அங்கேதான். கண்ணுக்குத் தெரியாவிட்டால் மூட்டின் மேல் விரலை வைத்தால் ‘டக்’ என்று படும். ஒரே கவனம், ஆடும் தடிகளுக்கிடையில் விரலைக் கொடுக்கக்கூடாது.

அண்ணை ரை றொட்டின் இரண்டு எண்ட்டையும் பார்த்தார். சுகமாக இருந்தன. ட்ராக் லிங்க்கின் போல்ஜொயின்ற் ஒன்றில் மிகச் சிறிய லூஸ். பிறகு இருந்தாற்போல, “நிப்பாட்டுங்கோ, வந்து பாருங்கோ” என்றார்.

பன்ஹார்ட் றொட். எங்கள் ஜீப்பில் அச்சுக்கு மேலே குறுக்காகப் போகும் தடிதான் அது. ஒரு முனை சசியிலும் மறுமுனை அச்சிலும் பூட்டியிருக்கும். சுருள் ஸ்பிரிங் போட்ட வாகனத்தில் அச்சு இடம்வலமாக நகராமல் பிடிப்பது இந்தத் தடிதான். இரண்டு முனையிலும் ரப்பர் புஷ். சித்தப்பா ஸ்ரியரிங்கை ஆட்டும்போது நான் படுத்துப் பார்த்தேன். சில்லு திரும்ப முதல் அச்சு முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்தது. சசிப் பக்கத்துப் புஷ்ஷில் ரப்பர் வெடித்து, போல்ட் வெறும் இரும்பில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கராஜிலும் ஒருவரும் இந்தத் தடியைத் தொட்டிருக்கவில்லை. தடி முழுக்கப் பழைய சேறு அப்படியே இருந்தது.

புஷ் இரண்டின் விலை, நாங்கள் டம்பருக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்குதான். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் அந்தத் தடியை நினைவில் வையுங்கள். சுருள் ஸ்பிரிங் ஜீப்பில் கிடங்கில் விழுந்து பிடிக்கும் ஆட்டம் என்றால், நான் இனி முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான்.

புஷ் மாற்றுவதிலும் இரண்டு விடயம் இருக்கிறது. போல்ட்டும் அது போகும் துளையும் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் புதுப் புஷ்ஷும் நிற்காது. போல்ட்டையும் மாற்றவேண்டும். துளை பெருத்திருந்தால் அந்தப் பிடியைத் திருத்தவேண்டும். மற்றது, ரப்பர் புஷ் போட்ட போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வாகனம் தன் பாரத்தோடு சில்லில் நிற்கும்போது. ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினால், வாகனம் இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே இருந்து விரைவில் கிழிந்துபோகும்.

மற்ற இடங்கள்

பன்ஹார்ட் றொட் சரியாக இருந்தால் அடுத்தது ஜாக் அடித்துப் பார்ப்பது. அச்சின் கீழ் உறுதியான கட்டையோ ஸ்ராண்டோ வைக்காமல், ஜாக்கை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் போகக்கூடாது. சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். லூஸ் தெரிந்தால், இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிறேக் மிதித்ததும் லூஸ் மறைந்தால் வீல் பெயாரிங். மறையாமல் அப்படியே இருந்தால் கிங் பின், அதாவது சில்லு திரும்பும் முட்டியில் மேலும் கீழும் உள்ள பின்னும் பெயாரிங்கும். ஜிம்னிகளில் இந்தக் கிங் பின் பெயாரிங் தேய்ந்து வரும் ஆட்டம் பெயர்போனது. வலமும் இடமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் லூஸ் என்றால் ரை றொட் எண்ட்டுகளுக்குத் திரும்பிப் போகவேண்டும்.

அச்சை முன்பின்னாகப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆம்களின் புஷ்களையும் பாருங்கள். இலை ஸ்பிரிங் ஜீப் என்றால் பன்ஹார்ட் றொட் இல்லாதது வழமை. அங்கே ஸ்பிரிங்கின் கண் புஷ், ஷக்கிள், யூ போல்ட் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

ஸ்ரியரிங் பொக்ஸை எல்லாவற்றுக்கும் பிறகு பாருங்கள். அதன் மேலே உள்ள திருகாணியை இறுக்கினால் லூஸ் குறைந்தது போலத் தெரியும். சில கராஜில் அதைத்தான் முதலில் செய்வார்கள். கூட இறுக்கினால் ஸ்ரியரிங் வளைவில் திரும்பிய பிறகு தானாக நேருக்கு வராது, பொக்ஸும் உள்ளுக்குத் தேயும்.

ரயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2316 என்றால் 2016ஆம் வருடம் 23ஆவது கிழமை செய்தது. பூ நிறைய இருக்கிறதே என்று பத்து வருட ரயரை முன்னுக்குப் போட்டு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். ரீபில்ட் ரயரை முன்னுக்குப் போடவே வேண்டாம். ரயரில் சந்தேகம் என்றால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முன்சில்லுகளைப் பின்னுக்கும் பின்சில்லுகளை முன்னுக்கும் மாற்றி ஓடிப் பாருங்கள். நடுக்கம் கையைவிட்டு ஆசனத்துக்குப் போனால் ரயர் அல்லது ரிம்தான்.

வாகனத்தை உயர்த்தி ஸ்பிரிங் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. உயர்த்தினால் நான் சொன்ன அந்தச் சரிவு குறையும். ஸ்ரியரிங் நேரைத் தேடாமல் அலையும். அதைச் சரிக்கட்டும் பாகங்கள் போடாமல் உயர்த்துவதை இளம் பெடியள் யோசிக்கவேண்டும்.

டபுள் கப் வைத்திருப்பவர்கள் இந்த வரிசையை அப்படியே எடுக்க முடியாது. பல ஹைலக்ஸ், எல் 200 வகைகளில் முன்சில்லுகள் தனித்தனியாகத் தொங்குகின்றன. அங்கே ஆமின் போல்ஜொயின்ற், ஆம் புஷ், பழையவற்றில் ஐட்லர் ஆம் என்று பார்க்கவேண்டும். கீழ் போல்ஜொயின்ற் முற்றாகக் கழன்றால் சில்லு மடங்கி வாகனம் அங்கேயே இருந்துவிடும். ஆகவே அங்கே ‘பிறகு பாப்பம்’ என்று எதுவும் கிடையாது.

சமாளிப்பது

வேலை நடந்துகொண்டிருக்கும்போது அண்ணை பழைய காலத்தைப் பற்றிப் பேசினார். தொண்ணூறுகளில் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வன்னிக்குள் வரத் தடை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றியதை எங்கள் வயதுக்காரரும் கண்டிருக்கிறோம். புஷ் இல்லாவிட்டால் பழைய ரயரை வட்டமாக வெட்டித் துளை போட்டு அடித்துவிடுவாராம். “அப்ப றோட்டே இல்லை. இருபதுக்கு மேல ஆர் ஓடினது? ரயர்த்துண்டு தாங்கிச்சுது. இப்ப காப்பெற் றோட்டில எண்பதில போகேக்க அது தாங்காது.”

சித்தப்பாவும் அந்தக் காலத்து ஆள்தான். முதல் தடவை ஆடியபோது, “அது அறுபதுக்கு மேல போனால்தான் செய்யும், ஐம்பதில போனால் சரி” என்று ஒரு மாதம் ஓடினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருப்பதை வைத்து ஓட்டியதால்தான் அந்த வருடங்களைக் கடந்து வந்தார்கள். ஆனால் லூஸான மூட்டு ஐம்பதிலும் தேய்ந்துகொண்டுதான் இருக்கும், அது தரும் வேக எல்லை மாதாமாதம் இறங்கும். வருமான அனுமதிப்பத்திரத்துக்காக வருடாவருடம் எடுக்கும் புகைப் பரிசோதனையில் பாஸ் என்பதை வாகனம் சுகம் என்று எடுக்கவும் கூடாது. அந்தப் பரிசோதனை புகையைப் பார்க்கிறது. அடியிலிருக்கும் தடிகளை ஒருவரும் பார்ப்பதில்லை.

கராஜில் விடும்போது நான் இப்போது இரண்டு விடயம் கேட்கிறேன். எந்த மூட்டில் லூஸ் என்று ஆட்டிக் காட்டுங்கள். கழற்றிய பழைய சாமானை என்னிடம் தாருங்கள். என் அயல்வீட்டு அக்கா, கணவர் இல்லாமல் லாண்ட்மாஸ்டர் ஒன்றை வைத்துப் பிள்ளைகளை வளர்ப்பவர், இதைக் கேட்கத் தொடங்கிய பிறகு பில் குறைந்துவிட்டது என்கிறார். கோபிக்கும் கராஜும் உண்டு. கோபித்தால் வேறு இடம் பார்க்கலாம்.

அன்றைக்கு இரண்டு புஷ், ஒரு போல்ட், அந்த ட்ராக் லிங்க் போல்ஜொயின்ற் மாற்றினோம். டம்பரைத் திரும்பப் பூட்ட முதலே அண்ணை ஜீப்பை எடுத்துக்கொண்டு, என்னையும் ஏற்றி, கராஜுக்குப் பக்கத்து வீதியில் மெதுவாகத் தொடங்கி ஐம்பதுவரை ஓடிக் காட்டினார். ஸ்ரியரிங் அசையவில்லை. அனுபவமில்லாதவர்கள் டம்பரில்லாமல் ஓடிப் பார்க்கவேண்டாம் என்றும் சொன்னார். ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியபின் போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கச் சொல்லி, மீற்றர் இலக்கத்தைச் சித்தப்பாவின் பக்கத்துக் கதவின் உட்புறத்தில் சோக்கால் எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த மதகைப் பல தடவை கடந்துவிட்டோம். பெரியம்மா இப்போது முன் ஆசனத்தில்தான் இருக்கிறார். நான் பின்னுக்கு. விசுவமடு வரும்போது அவர் கை கதவின் பிடியைப் பிடித்துக்கொள்கிறது. சித்தப்பா அதைக் கண்டு, அவ்விடத்தில் மட்டும் நாற்பதுக்கு வந்துவிடுகிறார்.